பத்து மணியில் ஒரு விரிசல்

“ஏங்க, சட்டையில ஏழு மணியில கறை.”

சொன்ன அம்மாள் வேனின் பின்கதவைத் திறந்துபோட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, தன் சட்டையின் வலதுபக்கக் கீழோரத்தைப் பிடித்துத் தட்டிவிட்டார். எதிரில் இருப்பவருக்கு ஏழு மணி என்றால் தனக்கு அது வலது பக்கம் என்ற கணக்கு, இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவருக்குக் கைவந்திருந்தது.

மண்ணுக்கடியில் ஓடும் வட்டக் குழாய்க்குள் எது மேல், எது பக்கம் என்பது சீக்கிரம் குழம்பிவிடும். அதனால் உச்சியைப் பன்னிரண்டு என்றும் தரையை ஆறு என்றும் வைத்துக்கொண்டு, கடிகாரத்தில் போல மணி சொல்வது அந்தத் தொழிலின் வழக்கம். இரண்டு மணியில் விரிசல், பத்து மணியில் வேர், ஆறு மணியில் மண். பத்தொன்பது வருடமாக மழைநீர்க் குழாய்களைப் பார்த்துப் பார்த்து அந்த அம்மாளுக்கு உலகமே வட்டமாகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டில் மூன்று மணியில் உப்பு வைப்பார். கணவரின் மூக்குக்கண்ணாடி அலமாரியில் பதினோரு மணியில் கிடக்கும். ஒருமுறை என் வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பித் தரும்போது, “உங்க கண்ணுல ஒரு மணியில தூசு” என்றார். இருந்தது.

எங்கள் தெருவில் அவருக்கு கேமராக்கா என்று பெயர். சின்னப் பிள்ளைகள் தொடங்கிவைத்தது, பெரியவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவர் கணவர், கேமராவின் கேபிளைப் பிடிப்பதால், கேபிள்காரர். ஐம்பத்திரண்டு வயது அக்கா பருத்த உடம்புக்காரர். ஆரஞ்சு நிற மேலங்கியும் முழங்கால் வெளுத்த கால்சட்டையும் போட்டிருப்பார். கேபிள்காரர் ஒல்லி, உயரம். இருவரும் சேர்ந்து நடந்து வந்தால் ஒன்று, பூஜ்யம் என்று பலகையில் எழுதிய மாதிரி இருக்கும். இந்த உவமை என்னுடையது அல்ல, அக்கா சொன்னதுதான்.

இங்குள்ள வீடுகளைவிட இங்குள்ள குழாய்களுக்கு வயது அதிகம். அறுபது வருடத்துக்கு முன், வெறும் மேடும் புதருமாக இருந்த இடத்தில் மழைத் தண்ணீர் வடிவதற்காகப் புதைத்தவை. அப்புறம் மேலே தெரு வந்தது, வீடு வந்தது, கார்கள் வந்தன. கீழே என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தத் தம்பதிக்கு அதுதான் வேலை. மேன்ஹோல் மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்து, ரொட்டிப் பொட்டலம் அளவுள்ள ஒரு கேமராவைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்குவார்கள். அதற்கு ஆறு ரப்பர் சக்கரங்கள், நெற்றியில் இரண்டு விளக்கு. வேனுக்குள் திரைக்கு முன் உட்கார்ந்து அக்கா அதை ஓட்டுவார். குழியின் வாயில் நின்று கேபிள்காரர் கேபிளை விட்டுக்கொடுப்பார், இழுப்பார்.

கேமராவுக்கு அக்கா வைத்த பெயர் மாப்பிள்ளை. “விளக்குப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். ஒரு சின்னக் கல்லு தடுக்கினாப் போதும், முறுக்கிட்டு நின்னுடும். பின்னாலயிருந்து ஒருத்தர் இழுத்துச் சமாதானம் பண்ணணும்.”

கேபிள்காரர் இடது கையில் மட்டும் கையுறை போடுவார். வலது கை வெறும் கை. அது விதிக்குப் புறம்பு. அவரைப் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். “கையுறை போட்டா காது அடைச்ச மாதிரி இருக்கு” என்பதுதான் அவருடைய பதில்.

குழிக்கும் வேனுக்கும் நடுவில் வாக்கிடாக்கி. வேலையும் குடும்பமும் ஒரே அலைவரிசையில் ஓடும். என் வீட்டு ஜன்னலில் இருந்து நானே கேட்டிருக்கிறேன்.

“பன்னெண்டு மீட்டர். இணைப்பு. நல்லா இருக்கு. காலையில கேஸை அணைச்சீங்களா?”

“அணைச்சேன்.”

“சிலிண்டரையா, அடுப்பையா?”

“ரெண்டையும்தான்.”

“பதினாலு மீட்டர். மூணு மணியில வேர், மயிர் கனம். போன வாரமும் இப்படித்தான் சொன்னீங்க.”

குழாய் என்பது ஒரே நீளம் அல்ல. துண்டு துண்டாகச் செய்து ஒன்றோடொன்று செருகியது. துண்டும் துண்டும் சேரும் இணைப்பில்தான் வியாதி தொடங்கும். ஆகவே ஒவ்வோர் இணைப்பிலும் கேமராவை நிறுத்தி, அதன் தலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் ஓட்டிக்கொண்டே போய்விடுவார்கள். அக்கா நிற்பார், சுற்றுவார், வாயால் சொல்வார். அவர் சொல்வதும் படத்தோடு சேர்ந்து பதிவாகும். இந்தப் பழக்கம் முற்றிப்போய், மகள் கல்யாணத்தில் வீடியோ எடுத்தவரைப் படாதபாடு படுத்தியிருக்கிறார். “தம்பி, ஓடாதீங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு செகண்ட் நில்லுங்க. மேல, கீழ காட்டிட்டு அப்புறம் போங்க.” அந்த வீடியோவில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரின் செருப்பும் தெரிகிறது என்று கேபிள்காரர் சொல்கிறார்.

குழாய்க்குள் சிக்கிக் கிடக்கும் பந்துகளை அக்கா தூக்கி எறிவதில்லை. கழுவித் துடைத்து, அந்தந்தத் தெருவின் மதில்மேல் வைத்துவிட்டுப் போவார். எந்தப் பந்து எந்த வீட்டுடையது என்று அவருக்குத் தெரியாது. “எடுத்துக்கறவங்களுது” என்பார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு தவறு நடந்தது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் அவரே ஒப்புக்கொள்ளமாட்டார்.

என் எதிர்வீட்டில் கணக்கு வாத்தியார் இருக்கிறார். ஓய்வு பெற்றும் டியூஷன் நடத்துகிறவர். ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினார். தெரு அவரை விழுங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பெரிய பானை ஒன்று தரையில் அமுங்கிய மாதிரி ஒரு ‘தொப்’. நான் ஓடிப் பார்த்தபோது தார் ரோட்டில் ஒரு வட்ட ஓட்டை. அதற்குள் இடுப்பு வரை வாத்தியார். ஸ்கூட்டர் தலைகீழாக அவர் பக்கத்தில். நாங்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஐந்து நிமிடம் கழித்துப் பள்ளிக்கூட வேன் அந்த வழியாகத்தான் வரவேண்டும் என்பது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது.

குழாயில் ஓர் இணைப்பு விட்டுப்போய், ஒவ்வொரு மழைக்கும் மேலிருந்த மண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொட்டி, ரோட்டுக்கு அடியில் வெறும் பொந்துதான் மிஞ்சியிருந்தது. அந்தக் குழாயைப் பதினான்கு மாதத்துக்கு முன் பார்த்தவர் கேமராக்கா. ‘நல்ல நிலை’ என்று அறிக்கை கொடுத்திருந்தார்.

அவரை யாரும் குறை சொல்லவில்லை. அலுவலகத்தில் பொறியாளர், “அறுபது வருஷக் குழாய்மா. எப்ப வேணா போகும். ரிப்போர்ட்ல மூணு பேர் கையெழுத்து இருக்கு, விடுங்க” என்றார். பழைய பதிவை எடுத்துப் பார்க்கும் எண்ணம் ஒருவருக்கும் இல்லை. அக்கா மட்டும் எடுத்துப் பார்த்தார். முதல்முறை பார்த்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, இரண்டாம் முறை பார்த்தார்.

முப்பத்தைந்தாவது மீட்டர் வரை எல்லாம் சரி. நிற்கிறது, சுற்றுகிறது, அவர் குரல் “நல்லா இருக்கு” என்கிறது. அதன் பிறகு வாக்கிடாக்கியில் கேபிள்காரர் ஏதோ சொல்கிறார். அக்கா சிரிக்கிறார். கேமரா நிற்காமல் முப்பத்தேழாவது மீட்டரைத் தாண்டிப் போகிறது. பத்து மணியில் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு நாலு செகண்ட் தெரிந்து மறைகிறது. முப்பத்தொன்பதில் திரும்பவும் குரல். “இணைப்பு. நல்லா இருக்கு.”

மறுநாள் அவர் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். நான் அங்கே நலம் விசாரிக்கப் போயிருந்தேன். அக்கா நாற்காலியில் உட்காரவில்லை. ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். அது இல்லாமல் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தார்.

“சார், அந்தக் குழாயப் பாத்தது நான்தான். விரிசல் அப்பவே இருந்துச்சு. நான் பாக்கல.”

வாத்தியார் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் இருத்திக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். “எவ்வளவு நேரம் தெரிஞ்சுது?”

“நாலு செகண்ட். அந்த நாலு செகண்டும் நான் சிரிச்சிட்டிருக்கேன். பதிவுல கேக்குது.”

வாத்தியாரின் மனைவி சமையலறையில் இருந்து வேகமாக வந்தார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வந்தார் என்று முகத்தில் தெரிந்தது. வாத்தியார் வலது கையை உயர்த்தி நிறுத்தினார்.

“நாப்பது வருஷமா பரீட்சைப் பேப்பர் திருத்தறேன்மா. எத்தனை பேப்பர்ல பின்பக்கத்தத் திருப்பாம விட்டேனோ, எத்தனை பேருக்கு மார்க் போச்சோ. ஒருத்தர் வீட்டுக்கும் போயி இப்படி நின்னதில்ல.” நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க. கை வலிக்குது, உங்கள அண்ணாந்து பாத்து இப்ப கழுத்தும் வலிக்குது” என்றார்.

அக்கா உட்கார்ந்தார். வாத்தியாரின் மனைவி திரும்பிப் போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை மட்டும் போடவில்லை. மறதியா, கோபமா என்று தெரியவில்லை. அக்கா அதை முழுக்கக் குடித்தார்.

அங்கிருந்து நேராக அலுவலகம் போய், எழுத்தில் கொடுத்துவிட்டார். எழுத்தில் வந்தபின் பொறியாளராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டு மாதம் கேமராவைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. அக்காவைக் கிடங்கில் கையுறையும் பூட்ஸும் எடுத்துக் கொடுக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள். கேபிள்காரரைத் துருப்பிடித்த மூடிகளைச் சுரண்ட அனுப்பினார்கள்.

அவருக்கு வந்ததே கோபம். “யாராவது கேட்டாங்களா? நீயாப் போயி வாயக் கொடுத்துட்டு வந்த. என் பேச்சும் அதுல இருக்கே, ஊரெல்லாம் கேக்கணுமா?” என்று ஒரே ஒரு முறை கத்தினார். அப்புறம் வாயை மூடிக்கொண்டார். ஒன்பது நாள். பத்தொன்பது வருடமாக வாக்கிடாக்கியில் நாள் முழுக்கப் பேசிய மனிதர், ஒரே கூரைக்குக் கீழே ஒன்பது நாள் பேசவில்லை. அக்கா என்னிடம் இதைச் சொல்லும்போது விரல்விட்டு எண்ணிக் காட்டினார். “எனக்கு வேலை போயிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். சாப்பாடு நல்லா இருக்கு, நல்லா இல்லனுகூடச் சொல்லல அந்த மனுஷன்.”

அந்த ஒன்பது நாளும் அக்கா சும்மா இருக்கவில்லை. பொறியாளரிடம் கேட்டு, கடந்த நாலு வருடப் பதிவுகளையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் வாங்கிக்கொண்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு குழாய்கள். கிடங்கு வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் மகளுடைய பழைய லேப்டாப்பை வைத்து, ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். வெளியூரில் இருக்கும் மகள் போனில், “அம்மா, எல்லாரும் சாயங்காலம் சீரியல் பாப்பாங்க. நீ குழாயப் பாக்கறியேம்மா” என்றாளாம். “இதுவும் சீரியல்தான்டி. போயிட்டே இருக்கு, முடியமாட்டேங்குது.”

எங்கே தான் சிரித்தோம், எங்கே கணவரோடு சண்டை போட்டோம் என்று கேட்டுக் கேட்டு, அந்த இடங்களைத்தான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாராம். நாலு வருடக் குடும்ப வாழ்க்கையே அந்தக் குழாய்களுக்குள் பதிவாகிக் கிடந்தது. மகளுக்குக் கல்யாணம் பேசியது, வீட்டு வாடகை ஒப்பந்தம் முடிந்தது, கேபிள்காரருக்குக் கண்புரை அறுவை. எல்லாவற்றுக்கும் நடுவில், “இணைப்பு. நல்லா இருக்கு.”

பத்தாம் நாள் சாயங்காலம் கேபிள்காரர் தண்ணீர் குடிக்க மேசைப் பக்கம் வந்தார். திரையில் ஏதோ ஒரு குழாய். ஆறு மணியில் கணுக்கால் அளவு கலங்கல் தண்ணீர். கேமரா அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. அவர் டம்ளரோடு நின்றார்.

“நிறுத்து.”

அக்கா நிறுத்தினார். பேச்சு வந்ததைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“கொஞ்சம் பின்னால போ. அங்கதான். இந்த எடத்துல கை இழுத்துச்சு.”

“எப்போ?”

“இத ஓட்டின அன்னைக்குத்தான். கேபிள் சட்டுனு அரை முழம் கீழ போச்சு. மாப்பிள்ளை கல்லுல ஏறி எறங்கினா இப்படி இழுக்காது. பள்ளத்துல எறங்கியிருக்கு.” அவர் வெறும் வலது கையை நீட்டி, கேபிளைப் பிடித்திருப்பது போலவே விரல்களை வைத்துக் காட்டினாராம்.

திரையில் ஒன்றுமே தெரியவில்லை. தண்ணீருக்கு மேலே குழாய் பழுதில்லாமல் இருந்தது. படம் லேசாக ஒரு முறை தலையாட்டியது, அவ்வளவுதான். அக்கா நகரக் குழாய் வரைபடத்தை விரித்து அந்த இடத்தைத் தேடினார். எங்கள் தெருவில் இருந்து மூன்று தெரு தள்ளி, குழந்தைகள் காப்பகத்துக்குப் போகும் சந்து. காலையும் மாலையும் தாய்மார்களும் தகப்பன்மார்களும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து நிற்கும் இடம்.

மறுநாள் இருவரும் சேர்ந்து பொறியாளரிடம் போனார்கள். அவர் அந்த இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “திரையில ஒண்ணும் தெரியலையேம்மா. நீங்க பயந்துபோயிருக்கீங்க. இனிமே எல்லாக் குழாயும் உங்களுக்கு ஓட்டையாத்தான் தெரியும்.”

அது உண்மையாகவும் இருக்கலாமே என்று அக்காவுக்கே தோன்றியதாம். அலுவலகத்தில் வாயே திறக்காத கேபிள்காரர்தான் பேசினார். “சார், திரையில தெரியாது. என் கையில தெரிஞ்சுது. அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. இவங்க நாலு செகண்டுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. நான் எழுதிக் கொடுக்கணும்னா என்னத்த எழுதறது, சொல்லுங்க.”

பொறியாளர் அரை நாள் கொடுத்தார். மேல் குழியில் மணல் மூட்டைகளை அடுக்கித் தண்ணீரைத் தடுத்து, பம்பு வைத்து இறைத்து, குழாயைக் கழுவினார்கள். தண்டனைக் காலம் முடியாததால் அக்கா கேமராவைத் தொடக்கூடாது, வேறொருவர் ஓட்டினார். அக்கா அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை அந்த இடத்துக்குப் போனதும் தானாக முகம் குப்புறக் கவிழ்ந்தது. குழாய்க்கு அடித்தரையே இல்லை. ஒரு கை நீளத்துக்கு ஆறு மணி அப்படியே காணாமல் போயிருந்தது. விளக்கு வெளிச்சம் கீழே இறங்கி, எதிலும் படாமல் கறுப்பில் கரைந்தது.

“பொறியாளர் எந்திரிச்சு நின்னுட்டார்” என்றார் அக்கா. “இவரு மட்டும் வெளிய நின்னுக்கிட்டு, ‘இழுக்குதா, இழுக்குதா’னு வாக்கிடாக்கியில கேட்டுக்கிட்டே இருக்காரு.”

அன்றைக்கே சந்து வழியை அடைத்தார்கள். மூன்று வாரம் தோண்டி, பொந்தை நிரப்பி, புதுக் குழாய் பதித்து, தார் போட்டார்கள். பெற்றோர்கள் பின்பக்க வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது, ஆளாளுக்குத் திட்டினார்கள். எதற்காகத் தோண்டுகிறார்கள் என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. கணக்கு வாத்தியாருக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அவர் கட்டுப் பிரித்த கையை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “அப்ப என் மணிக்கட்டு வீணாப் போகல” என்றார். அவர் மனைவி, “ஆமா, அடுத்த கையையும் கொடுங்க” என்றார்.

முந்நூற்றுப் பன்னிரண்டையும் அக்கா பார்த்து முடித்தார். கேபிள்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையை மேசைமேல் வைத்துக்கொண்டு கூடவே இருந்தார். இன்னும் ஓர் இடம் அகப்பட்டது, சின்ன விரிசல். மற்றதெல்லாம் நல்ல நிலைதான். இரண்டு மாதம் முடிந்து அவர் திரைக்கு முன் திரும்ப உட்கார்ந்த முதல் நாள், வாக்கிடாக்கியில் ஒரே அமைதி என்று கேள்விப்பட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. இரண்டாம் நாள் என் ஜன்னலுக்கு வெளியே கேட்டது: “இருபது மீட்டர். இணைப்பு. நில்லுங்க, பாத்துட்டு வரேன், அப்புறம் சிரிக்கறேன்.”

அந்த நாலு செகண்டில் கேபிள்காரர் என்னதான் சொன்னார் என்று ஒரு நாள் கேட்டேன். அக்கா சொல்ல மறுத்துவிட்டார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, “நல்ல ஜோக்குதான்” என்றார்.

தார் போட்டுப் பதினோராம் நாள் மழை பிடித்தது. இரண்டு பகல், ஓர் இரவு விடாமல் கொட்டியது. மழை விட்ட காலையில் காப்பகத்துச் சந்துக்கு அவர்களோடு நானும் போனேன். தரையில் மழைநீர் வாய்க்கால் ஓரமாகச் சருகு ஒதுங்கியிருந்தது. மேன்ஹோல் மூடிக்குக் கீழே தண்ணீர் இரைந்துகொண்டு ஓடும் சத்தம். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் குடையை உதறிக்கொண்டு, தேங்கிய தண்ணீரில் கால் படாமல் தாண்டிப் போனார்கள். ஒரு குழந்தை உள்ளே போகமாட்டேன் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதது. எல்லாம் எல்லா நாளையும் போலத்தான்.

அக்கா கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றார். பிறகு சந்தின் நடுவில், புதுத் தார் கறுப்பாகத் தெரிந்த இடத்துக்கு நடந்து போனார். கைப்பையைக் கணவரிடம் கொடுத்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். காப்பகத்து ஆயா துடைப்பத்தோடு கேட்டில் நிற்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. முழங்காலை மடக்கி, அவ்வளவு கனத்தையும் சேர்த்து, இரண்டு காலும் தரையை விட்டு எழும்பும்படி ஒரு குதி குதித்தார். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை குதித்தார்.